பீச்சாங்கைக்காரருக்கு மணிக்கட்டு சீக்கிரம் உடையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பழைய கடைவரிசை ஒன்றின் மாடியில் பதினெட்டு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். (கை கால் உடைந்தவர்களை மாடி ஏற வைக்கிறாயே என்ற கேலியை எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.) வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். அண்மையில் கோயில் மண்டபத்தில் எலும்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "நீயே பீச்சாங்கைக்காரி. உனக்குத்தானேம்மா முதல்ல உடையும்னு சொல்றாங்க?" என்றார். மண்டபமே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். அன்று வந்த கேள்விகளோடு என் மேசைக்கு வழக்கமாக வருகிறவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மணிக்கட்டு முறிவு அதிகமா?

கொஞ்சம் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. குறிப்பாக, சில வேலைக்கு இந்தக் கை, சில வேலைக்கு அந்தக் கை என்று கலந்து பயன்படுத்துகிறவர்களைச் சுட்டியிருக்கின்றன. வேறு ஆய்வுகளில் வித்தியாசமே தென்படவில்லை. இருந்தாலும் அது சின்ன வித்தியாசம்தான். மாதவிடாய் நின்ற வயது, எலும்பு மெலிந்துபோகும் எலும்புப்புரை, மங்கிய கண்பார்வை, பாசி படிந்த குளியலறைத் தரை, தலைசுற்ற வைக்கும் மாத்திரை, இவற்றில் எதை எடுத்தாலும் கைப்பழக்கத்தை விடப் பல மடங்கு கனமானது.

பத்துப் பேரில் ஒருவர்தான் இடக்கைக்காரர். ஆகவே கட்டுப்போட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்களாகவே இருப்பார்கள். என் அனுபவத்தில், உடையும் வரை கைப்பழக்கம் பெரிய விஷயமில்லை. உடைந்த பிறகு அதுதான் வீட்டையே ஆட்டிவைக்கிறது. கீழே நான் அதிகம் எழுதியிருப்பதும் அதைப் பற்றித்தான்.

சரி, சோத்துக்கை அதிகம் உடைகிறதா, பீச்சாங்கையா?

பிள்ளைகளிடம் இடப்பக்க முன்கை அதிகம் முறிகிறது என்பது பல நாடுகளில் கவனிக்கப்பட்ட விஷயம். பெரியவர்களிடமும் பழக்கமில்லாத கை சற்று முந்திக்கொள்வதாகச் சில மருத்துவமனைக் கணக்குகள் காட்டுகின்றன. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பழக்கப்பட்ட கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், காலியாக இருக்கிற கைதான் தரையை நோக்கிப் போகும் என்பது ஒன்று. பழக்கமில்லாத கைக்கு விழுகிற வேகத்தில் சரியாக ஊன்றத் தெரியாது என்பது இன்னொன்று.

எனக்கு முதல் விளக்கத்தில்தான் நம்பிக்கை. காரணம் என் அம்மா. ஒரு மழைக்கால விடியலில், பின்வாசல் சிமெண்டுப் படியில் வழுக்கினார். வலக்கையில் கோழிக்குப் போட எடுத்த சோற்றுச் சட்டி. சட்டி சாயவில்லை, ஒரு பருக்கை கொட்டவில்லை. இடது மணிக்கட்டு மட்டும் போய்விட்டது. "சட்டியை விட்டிருக்கலாமேம்மா" என்றேன். "ராத்திரி மீந்த சோறுடி, வீணாக்கவா சொல்றே?" என்று கேட்டார், கையைப் பிடித்துக்கொண்டே.

விழும்போது கையிலிருப்பதை விட்டுவிட வேண்டும். சொல்வது எளிது. கைபேசி விஷயத்தில் இளையவர்களும் என் அம்மாவைப் போலத்தான்.

விழும்போது உள்ளே என்ன நடக்கிறது?

முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது முழங்கை முனை வரை ஓடும் மற்றது. உள்ளங்கையை நீட்டி ஊன்றினால் உடலின் எடை மணிக்கட்டில் இறங்குகிறது, அதில் பெரும்பங்கை ஆரை எலும்பின் நுனி தாங்குகிறது. அந்த நுனி வெளியே மெல்லிய ஓடு, உள்ளே தேன்கூடு மாதிரி. வயதாக ஆகத் தேன்கூட்டின் சுவர்கள் மெலிந்துபோகும். நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே முறிவதற்கு அது போதும்.

முறிந்த நுனி புறங்கைப் பக்கம் சாயும்போது, பக்கவாட்டில் பார்த்தால் கை கவிழ்த்து வைத்த முள்கரண்டி போலத் தெரியும். இந்த முறிவைத் துல்லியமாக விவரித்தவர் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ். ஆண்டு 1814. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். எண்பது வருடத்துக்கு முன்னாலேயே வெறும் விரலால் தடவிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்! இன்றும் மருத்துவர்கள் 'காலிஸ் முறிவு' என்றுதான் சொல்கிறார்கள்.

பழகிய கையின் எலும்பு பலமாக இருக்குமாமே?

ஓரளவு உண்மை. எலும்பு உயிருள்ள பொருள். சுமை கொடுத்தால் கெட்டிப்படும், சும்மா விட்டால் மெலியும். டென்னிஸ் ஆட்டக்காரர்களின் ஆடும் கை எலும்பு மற்றதை விடத் தெளிவாகத் தடித்திருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு வித்தியாசம் மிகச் சிறியது. முன்கையில் எலும்பு அடர்த்தி பார்க்கும்போது பழக்கமில்லாத கையைத்தான் வைக்கச் சொல்வார்கள். ஸ்கேன் எடுப்பவர் "நீங்க எந்தக் கை?" என்று கேட்டால் அது வெட்டிப்பேச்சு இல்லை, சரியாகச் சொல்லுங்கள்.

பிடிப்பு வலுவும் இப்படித்தான். வலக்கைக்காரருக்கு வலக்கை ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதலாக இறுக்கும். இடக்கைக்காரர்களிடம் இரண்டு கையும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். உலகமே வலக்கைக்காகச் செய்யப்பட்டிருப்பதால் எங்களுக்குக் கிடைத்த இலவசப் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் எந்தக் கைக்காரர் என்றே எனக்குச் சந்தேகம். எழுதுவது வலது, மற்றதெல்லாம் இடது.

நம்மவர்களிடம் இது சாதாரணம். சாப்பிடுகிற கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது வீட்டார் பழக்கியது. எழுதுகிற கை பள்ளிக்கூடம் பழக்கியது. 1971-ல் ஓல்ட்ஃபீல்ட் என்பவர் வெளியிட்ட எடின்பரோ கேள்விப் பட்டியலில் பந்து எறிதல், கத்தரிக்கோல், பல் துலக்குதல், தீக்குச்சி உரசுதல், பெட்டி மூடி திறத்தல் என்று பத்து வேலைகள் இருக்கும். அதில் எனக்குப் பிடித்தது துடைப்பம்: நீண்ட பிடி உள்ள துடைப்பத்தைப் பிடிக்கும்போது மேலே இருப்பது எந்தக் கை? இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் இதைத்தான் முதலில் கேட்பேன்.

என் பாட்டி பால் மரம் வெட்டியவர். பிறவியில் பீச்சாங்கை. ஆனால் ரப்பர் மரத்துக்கே ஒரு கைப்பழக்கம் உண்டு. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறும். அதனால் வெட்டு இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் இறங்க வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். மாற்றிச் சாய்த்தால் பால் குறையும். "மரம் உனக்காகத் திரும்பாது" என்று கங்காணி கத்தியை வலக்கைக்கு மாற்றிக் கொடுத்தாராம். பாட்டி சாகும்வரை மரம் வெட்டியது வலக்கையால், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியது இடக்கையால். அவரை ஆய்வாளர் ஒருவர் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்? கைப்பழக்க ஆய்வுகளின் எண்களை நான் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் பிள்ளை பீச்சாங்கை. விபத்து அதிகம் என்கிறார்கள், ஆயுசு குறைவு என்றுகூடப் படித்தேன். மாற்றிவிடலாமா?

வேண்டாம். மாற்றினால் எலும்பு ஒன்றும் கெட்டிப்படாது.

அந்த ஆயுள் கதை 1991-ல் கிளம்பியது. ஸ்டான்லி கோரன், டயான் ஹால்பர்ன் என்ற உளவியலாளர்கள் தெற்கு கலிபோர்னியாவில் இறந்தவர்களின் குடும்பங்களை விசாரித்து, வலக்கைக்காரர்கள் சராசரியாக 75 வயதிலும் மற்றவர்கள் 66 வயதிலும் இறந்ததாக எழுதினார்கள். ஒன்பது வருட வித்தியாசம் என்றதும் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? ஆனால் கணக்கில் ஓட்டை இருந்தது. அந்தக் காலத்து முதியவர்களில் பிறவி இடக்கைக்காரர்கள் பலர் பிரம்படி பட்டோ, என் பாட்டி மாதிரி வேலைக்காகவோ வலக்கைக்கு மாறியவர்கள். அதனால் இடக்கைக்காரர் என்று பெயர் வாங்கியவர்களில் இளையவர்களே அதிகம். இளையவர்கள் அதிகமுள்ள கூட்டத்தில் இறப்பவர்களின் சராசரி வயதும் குறைவாகத்தான் வரும். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த ஒன்பது வருடத்தை உறுதிப்படுத்தவில்லை.

பிள்ளைக்கு வேண்டியது இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றும், வகுப்பில் மேசையின் இடப்பக்க ஓரத்தில் ஓர் இடமும்தான். ஸ்கேட்டிங் ஓடுகிற பிள்ளையாக இருந்தால், எந்தக் கைப் பழக்கமானாலும் இரண்டு மணிக்கட்டுக்கும் காப்பு மாட்டுங்கள்.

விழுந்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். வலி அப்புறம், எக்ஸ்ரே அப்புறம். அரை மணியில் கை வீங்கிவிடும். பிறகு கல்யாண வளையலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் போதும். வளையலைக் காப்பாற்ற ஒரு மணி நேரம் போராடி, வீங்கிய விரல்களோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஓர் அட்டையையோ மடித்த நாளிதழையோ முன்கைக்கு அடியில் வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, சால்வையில் தொட்டில் கட்டி நெஞ்சோடு தொங்கவிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள், இழுத்து நேராக்காதீர்கள். எலும்பு வெளியே தெரிந்தாலோ, விரல் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, கிளினிக்கில் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நம் ஊரிலிருந்து எலும்பு நிபுணரிடம் அனுப்பினால் பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான், அரை மணி நேர ஓட்டம்.

விரலை அசைக்க முடிகிறதே, அப்படியானால் சுளுக்குத்தானே?

இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் ஊரிலிருந்து ஒழித்துவிட்டால் என் வேலை பாதி குறையும். விரலை அசைக்கிற தசைநார்கள் வேறு, உடைந்த எலும்பு வேறு. முறிந்த மணிக்கட்டோடு விரலைத் தாராளமாக ஆட்டலாம்.

இதில் ஏமாற்றுப் பேர்வழி ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு. கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில் இரண்டு தசைநார்களுக்கு நடுவே ஒரு குழி விழும், பொடி போடுகிறவர்கள் பொடியை வைக்கும் இடம். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முறிவு இருக்கலாம். கையைக் கட்டிவைத்து, பத்து பதினான்கு நாளில் மறுபடி படம் எடுப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கித்தான் ஓடுகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துப்போகக்கூடும்.

மோட்டார் சைக்கிளில் விழுந்த ஒரு பையன், முதலில் பார்த்த இடத்தில் சுளுக்கு என்று சொன்னதை நம்பி, சிங்சேயிடம் (சீன வைத்தியர்) மூன்று வாரம் மருந்துக்கட்டு, பிறகு உருவிவிடும் ஒரு பாட்டியிடம் இரண்டு வாரம் என்று சுற்றிவிட்டு என்னிடம் வந்தான். குழியில் விரலை வைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். கடைசியில் திருகாணி வைத்துத்தான் சரிசெய்தார்கள். சிங்சேயை நான் குறை சொல்லவில்லை, சுளுக்குக்கு நானே போயிருக்கிறேன். முதலில் படம் எடுங்கள், பிறகு யாரிடம் வேண்டுமானாலும் போங்கள்.

எந்தக் கை உடைந்தால் கஷ்டம் அதிகம்?

வலக்கை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், எழுத்து, கையெழுத்து, சாப்பாடு, சமையல், சட்டைப் பொத்தான் எல்லாம் நின்றுபோகும். ஆனால் நம் வீடுகளில் இடக்கைக்கென்று ஒதுக்கிய வேலை ஒன்று இருக்கிறது. இடக்கை உடைந்தவர்கள் என்னிடம் அதை நேராகச் சொல்வதில்லை. "மத்ததெல்லாம் பரவாயில்லம்மா..." என்று இழுப்பார்கள். புரிந்துகொண்டு நானே ஆரம்பிப்பேன்: தண்ணீர்க் குழாய் வலப்பக்கச் சுவரில் மாட்டப்பட்டிருந்தால் வேகத்தைக் கூட்டித் தண்ணீராலேயே சுத்தம் செய்யலாம். மாவுக்கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு வலக்கையைப் பயன்படுத்தினால் குலம் கெட்டுவிடாது, சோப்பு இருக்கிறது.

வலக்கை உடைந்தவர் இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடலாம். விருந்தில் யாராவது முகம் சுளித்தால் கட்டைக் காட்டுங்கள். ஒரு பெரியவர் இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து மூன்று வாரத்தில் நன்றாக இளைத்துவிட்டார். பேத்தி ஊட்டிவிட்ட பிறகுதான் தேறினார். எலும்பு கூடுவதற்குப் புரதம் வேண்டும், மானம் பார்க்கிற நேரம் இல்லை.

கட்டு போட்ட அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தக் கையானாலும் விரல்களை முழுதாக மடக்கி முழுதாக நீட்டுங்கள், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை. தோளையும் முழங்கையையும் அசைத்துக்கொண்டே இருங்கள். முதல் சில நாள் கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் வையுங்கள். உடைந்தது பழக்கமில்லாத கை என்றால், "அது எதுக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். விறைத்துப்போன விரல்களோடு என்னிடம் வருகிறவர்களில் அவர்கள்தான் அதிகம்.

கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை யாராவது நீட்டிவிட்டால் உயிர் போவது போல வலித்தாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

தோட்ட வேலையில் விழுந்தேன். சொக்சோ கிடைக்குமா?

சொக்சோ என்பது தொழிலாளர்களுக்கான அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலை நேரத்தில் விழுந்தாலும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மோட்டாரில் விழுந்தாலும் அது வேலைவிபத்துதான். இதற்கான சட்டம் 1969-லிருந்து இருக்கிறது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், அந்த நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 சதவீதம் தற்காலிக ஊனப் பணமாகக் கிடைக்கும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதில் அடக்கம். இப்போது செம்பனைக் குலை அறுப்பவர்களில் அவர்கள்தானே பெரும்பாலோர். பக்கத்து லயத்து இந்தோனேசியக்காரர் விழுந்தால் அவருக்கும் சொல்லுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கும் 2022-ல் ஒரு சட்டம் வந்தது. வருடத்துக்கு 120 ரிங்கிட் கட்டினால், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு, 55 வயதுக்குள் சேர வேண்டும். என் அம்மாவுக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. நான் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னால் கணவர் சிரிக்கிறார், வீட்டில் சமைப்பது அவர்.

மருத்துவரிடம் நீங்கள் எந்தக் கைக்காரர் என்பதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு நிரந்தரக் குறைபாட்டை மதிப்பிடும்போது, "வலக்கைக்காரர், வலது மணிக்கட்டு" என்ற மூன்று வார்த்தை அங்கே இருப்பது நல்லது.

கேழ்வரகும் நெத்திலியும் சாப்பிட்டால் போதுமா?

சாப்பிடுங்கள், நல்லது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. நெத்திலியை முள்ளோடு மெல்ல வேண்டும். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் கஞ்சியோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பரிசோதனை தரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதற்கு மருந்து இருக்கிறது. மணிக்கட்டு முதலில் உடையும், இடுப்பு பிறகு உடையும். இந்த வரிசையை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வைட்டமின் டி-யையும் சேர்த்துப் பாருங்கள், இந்த வெயிலிலும் நம் பெண்களிடம் அது குறைவாகத்தான் இருக்கிறது.

கட்டு பிரித்துவிட்டார்கள். மோட்டார் எப்போது ஓட்டலாம்?

பெரும்பாலான முறிவுகளுக்கு ஆறு வாரத்தில் கட்டு பிரியும், பலம் வர இன்னும் சில மாதம். இங்கேயும் எந்தக் கை என்று பார்க்க வேண்டும், ஆனால் பழக்கத்துக்காக அல்ல, வண்டிக்காக. முறுக்கும் பிடியும் முன் பிரேக்கும் வலப்பக்கம். காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் கிளட்ச் பிடி கிடையாது, அதனால் இடக்கைக்குக் கைப்பிடியைப் பிடிப்பதும் சிக்னல் போடுவதும்தான் வேலை. இடது மணிக்கட்டு உடைந்தவர் சற்று முன்னதாகவே ஏறலாம், வலது உடைந்தவர் பொறுக்க வேண்டும்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து உட்காருங்கள். முன் பிரேக்கை முழு பலத்தில் இருபது தடவை இழுங்கள். பதினைந்தாவது தடவையில் விரல் நழுவினால் இறங்கி, பேரப்பிள்ளையின் பின்னால் உட்கார்ந்து கடைக்குப் போய் வாருங்கள். அடுத்த வாரம் மறுபடி இழுத்துப் பார்க்கலாம்.